மூன்றெழுத்து மாத்திரை

பட்டாசு என்பது டிப்போ அவளுக்கு வைத்த பெயர். கழுத்தில் நோய் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே வைத்தாகிவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பிற்பாடு, படித்த நாலு பேர் சேர்ந்துகொண்டு, அவளுடைய கோபமே நோயால் வந்ததுதான் என்று சாதித்தார்கள். சுத்தப் பொய். முன்னால் போகிற லாரிக்காரன் சைகை காட்டாமல் திரும்பினால், பஸ் ஜன்னலைத் திறந்து அவனுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டுத்தான் கியர் மாற்றுவாள். மேலாளர் லீவு தர மாட்டேன் என்றால் அவர் மேஜை மேலேயே டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துச் சாப்பிட ஆரம்பித்துவிடுவாள். ஆனால் வண்டியைப் பூப்போல ஓட்டுவாள். அவள் பிரேக் பிடித்தால், நின்றுகொண்டு வருகிறவன் கையிலிருக்கும் டீகூடச் சிந்தாது என்று அவளுடைய கண்டக்டர் டிப்போ முழுக்கப் பெருமையடித்துக்கொள்வான்.

நோய் வந்தபோது கோபம் கொஞ்சம் கூடியது உண்மைதான். இல்லை என்று சொல்ல அவள் பொய்க்காரி இல்லை. ஆனால் கூடவே மற்றதெல்லாம் கூடியது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் நடுங்குவது வண்டியா கையா என்று தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு, பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தவன் நெஞ்சு மாதிரி அடித்தது. இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டும் சட்டை தோளிலிருந்து நழுவியது. ஊரெல்லாம் போர்வை போர்த்திக்கொண்டிருக்க, அவள் மட்டும் மின்விசிறிக்கு அடியில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கழுத்து டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, பட்டாசின் தொண்டையை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் சிரித்தார்.

"உங்க தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்யுது. யாரும் கேக்காமலே ஓ.டி. பாக்குது."

"எங்க டிப்போல ஓ.டி. பாத்தா கூலி தருவாங்க டாக்டர்."

"இது கூலிய உங்க உடம்புல இருந்தே எடுத்துக்கும். அதான் இளைச்சிட்டீங்க."

கார்பிமசோல் என்று நிறுத்தி நிதானமாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கொடுத்தார். சின்ன ரோஸ் நிற மாத்திரை. மெதுவாகத்தான் கேட்கும், நீங்களாக நிறுத்தக் கூடாது, கை நிற்கிற வரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது என்றார். பட்டாசு யார் பேச்சையும் கேட்காதவள், அவர் பேச்சைக் கேட்டாள். வாரங்கள் போயின. நடுக்கம் நின்றது. பழையபடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, முதல் திருப்பத்திலேயே ஒரு ஸ்கூட்டர்காரனைத் திட்டினாள். பின்னாலிருந்து கண்டக்டர் கை தட்டினான்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. வயிற்றில் பித்தப்பைக் கல் என்று ஒன்று வந்து தொலைத்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சேர்ந்த உடனே நர்ஸ் அவளுடைய ரோஸ் மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொண்டாள். வெளி மருந்து வார்டுக்குள் வரக் கூடாதாம், வேண்டியதை அவர்களே தருவார்களாம். போகும்போது, "நாளைக்குக் காலையில உங்களுக்கு ஓ.டி.ம்மா, ராத்திரி எதுவும் சாப்பிடாதீங்க," என்றாள்.

"நானே லீவுல இருக்கேன் சிஸ்டர், எனக்கு எதுக்கு ஓ.டி.?"

"ஆபரேஷன் தியேட்டர்ம்மா!"

பக்கத்துக் கட்டில்காரி தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வார்டில் யாரும் எதையும் முழுதாகச் சொல்வதில்லை. வருகிறவர், போகிறவர், வியாதி, மருந்து எல்லாவற்றையும் இரண்டு மூன்று எழுத்தாக நறுக்கி வைத்திருந்தார்கள். பேசுகிறவர்களுக்குத் தலை போகிற அவசரம் போல. அன்றைக்கு அவளுக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

கல்லை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று வார்டு டாக்டர், போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நின்றபடியே சீட்டு எழுதினார். சி.பி.இசட். காலை ஒன்று, இரவு ஒன்று, தொடரவும். அவ்வளவுதான். எதற்காக என்று இல்லை, எவ்வளவு வீரியம் என்றுகூட இல்லை. அந்தச் சீட்டைக் கீழே மருந்து ஜன்னலில் நீட்டியபோது, வெள்ளை மாத்திரை அட்டை ஒன்று வந்தது. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு.

"அண்ணே, என் மாத்திரை ரோஸ் கலரு. சின்னதா இருக்கும்," என்றாள் பட்டாசு.

"கம்பெனி வேறம்மா. மருந்து ஒண்ணுதான்."

அவளுக்குத் திருப்தியில்லை. அட்டையைப் புருஷனிடம் கொடுத்தாள். அவர் லிப்ட் பழுது பார்க்கிறவர். நல்ல மனிதர்தான், ஆனால் வெள்ளைக் கோட்டைக் கண்டால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுகிற ரகம். பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, "கார்ப... ஆமா, கார்பதான். அதேதான் வா," என்றார். மீதி எழுத்துகளைப் படிக்கவில்லை. ஜன்னலில் பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஒரு வேளை தவறாமல் விழுங்கினாள். விழுங்க விழுங்கப் பழையதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. கை ஆடியது, நெஞ்சு அடித்தது, வியர்த்தது. போதாக்குறைக்குப் புதிதாகத் தலைசுற்றல். பட்டப்பகலில் கண்ணைச் சொக்கியது. வார்டு டாக்டரிடம் திரும்பப் போனாள். ஆபரேஷன் பண்ணின உடம்பு அப்படித்தான் இருக்கும், டென்ஷனைக் குறையுங்கள் என்றார். டென்ஷன் எனக்கில்லை என்று அவள் குரலை உயர்த்தினாள். அவர் புருஷனைப் பார்த்து, "மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடறாங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி வீட்டுக்குள் குடியேறிவிட்டது. பருப்பு தீய்ந்துவிட்டது என்று அவள் கத்தினால், மாத்திரை போட்டியா? குழாய்க்காரன் சொன்ன நாளில் வரவில்லை என்றால், மாத்திரை போட்டியா? நாத்தனார் வந்திருந்தபோது, தன்னைக் கேட்காமல் அலமாரியை இடம் மாற்றி வைத்ததற்கு ஒரு வார்த்தை சொன்னாள். நாத்தனார் முகத்தில் பாவம் பார்க்கிற சிரிப்போடு, "அண்ணி, மாத்திரை போட்டீங்களா?" என்றாள். பட்டாசுக்கு அலமாரியைத் தூக்கி அவள் தலையில் போடலாம் போலிருந்தது. கோபப்படக் காரணம் இருந்தது, அந்தக் காரணத்தைக் கேட்க ஒரு காதுகூட இல்லை.

லீவு முடிந்ததும், எல்லாம் ஆபரேஷன் களைப்புதான் என்ற வார்டு டாக்டர் பேச்சை நம்பி வண்டி எடுத்தாள். ஒரு நாள் பஸ் நிறையக் கூட்டம். முன் சீட்டில் ஒருத்தி கைக்குழந்தையோடு இருந்தாள். நேர் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது, எதிரே நிற்கிற விளக்குக் கம்பம் இரண்டாகத் தெரிந்தது. பட்டாசு கண்ணைக் கசக்கினாள். இரண்டும் அங்கேயே நின்றன. அவள் வேகத்தைக் குறைத்து, ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, சாவியைக் கண்டக்டர் கையில் கொடுத்தாள்.

"என்னாச்சுக்கா?"

"கண்ணு ரெண்டா காட்டுது. வேற ஆளக் கூப்பிடு. நான் இனிமே இத நகத்த மாட்டேன்."

பயணிகள் முணுமுணுத்தார்கள். ஒருத்தன் குடித்திருக்கிறாளா என்றுகூடக் கேட்டான். அவனைத் திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் பிடித்துக் கொடுக்கவில்லை. அவளாகத்தான் டிப்போ டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லி, மாத்திரை அட்டையை மேஜையில் வைத்தாள். ஒளிக்கிறவள் அப்படியா செய்வாள்? டிப்போ டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார். இவர் கடைசி எழுத்து வரைக்கும் படித்தார்.

"கார்பமசெபின். இது வலிப்பு மாத்திரை. உங்களுக்கு வலிப்பு எத்தனை நாளா?"

"எனக்கா? வலிப்பா? இது கழுத்து மாத்திரை சார்."

"கழுத்துக்கு இதைத் தர மாட்டாங்க. வலிப்ப மறைச்சு வச்சுக்கிட்டு பஸ் ஓட்டினீங்களா? எத்தனை உயிரு அதுல!"

அவளுக்கு வாயடைத்துப் போனது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான். அவர் வாகனம் ஓட்டத் தகுதியில்லை என்று எழுதி மேலாளருக்கு அனுப்பினார். மேலாளர், டிபன் பாக்ஸைத் திறந்த அதே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அவளுடைய அடையாள அட்டையை வாங்கி இழுப்பறையில் போட்டார்.

பட்டாசு கழுத்து டாக்டரிடம் ஓடினாள். அவர் ஆஸ்பத்திரிச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"சி.பி.இசட்.னு எழுதினவரு கார்பிமசோல்னு நெனச்சிருக்காரு. எடுத்துக் குடுத்தவரு கார்பமசெபின்னு நெனச்சிருக்காரு. ரெண்டு மருந்துக்கும் அந்த மூணு எழுத்தத்தான் போடறாங்க. போடக் கூடாது. போடறாங்க."

"அப்போ இத்தனை நாளா என் கழுத்துக்கு?"

"ஒண்ணுமே போகல."

ரோஸ் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து, நெஞ்சுப் படபடப்புக்கு வேறொன்றும் கொடுத்தார். வெள்ளை மாத்திரையை எப்படி நிறுத்துவது என்றும் விளக்கினார். டிப்போவுக்குக் கடிதமும் எழுதினார். ஆனால் டிப்போவில் அது செல்லவில்லை. வலிப்பு மருந்து கொடுத்த ஆஸ்பத்திரியே, வலிப்புக்காகக் கொடுக்கவில்லை என்று எழுதித் தர வேண்டுமாம். இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் பஸ் கிடையாது.

புருஷனைக் கூட்டிக்கொண்டு பட்டாசு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருந்து ஜன்னல்காரர் சீட்டைப் பார்த்து, "சி.பி.இசட்.னா இதுதாம்மா. நான் சரியாத்தான் குடுத்திருக்கேன்," என்றார். மாடியில் வார்டு டாக்டர் அதே சீட்டைப் பார்த்து, "சி.பி.இசட்.னா கார்பிமசோல்தான். நான் சரியாத்தான் எழுதியிருக்கேன்," என்றார். இரண்டு பேரும் சரி. தப்பாக இருந்தது விழுங்கியவள் மட்டும்தான்.

"முழுப் பேர எழுதினா கை தேஞ்சிடுமா? அந்த மிச்ச எழுத்தையெல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவீங்க?" என்று அவள் கேட்டது வராந்தா முழுக்கக் கேட்டது. வாசலில் காவலாள் எழுந்து நின்றான்.

கடைசியில் தலைமை டாக்டர் அறைக்கு அனுப்பினார்கள். மெத்தென்ற நாற்காலி, சத்தமில்லாத ஏசி. அவர் அவளைப் பேசவிட்டார். அவள் பேசினாள், மேஜையைத் தட்டினாள். தட்டிய கை நடுங்கியது. அவர் எழுந்து வந்து, கேட்காமலே அந்தக் கையைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினார்.

"நூத்தி முப்பது. பாருங்கம்மா, இந்தக் கோபம் உங்க கோபமே இல்ல. தைராய்டு பண்ற வேலை. இது ஒரு அறிகுறி. முதல்ல குணமாகுங்க, அமைதியாகுங்க. அப்புறம் நிதானமா பேசலாம்."

"அந்தத் தைராய்டு இப்படி ஆனதே உங்களாலதானே!"

"பாத்தீங்களா?" என்று அவர் புருஷனிடம் சொன்னார்.

புருஷன் தலையாட்டினார். அதுதான் அவளைக் கொன்றது. "சரிங்க டாக்டர்," என்று சொல்லி அவள் முழங்கையைப் பிடித்து எழுப்பினார்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவள் பயணியாக உட்கார்ந்திருந்தாள். ஓட்டியவன் புதுப் பையன், ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லோரையும் முன்னால் தள்ளினான். புருஷன் மெல்ல, "டென்ஷன் ஆகாத. ராத்திரி மாத்திரை போட்டியா?" என்று ஆரம்பித்தார்.

அவள் திரும்பி அவரை நேராகப் பார்த்தாள்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, உங்க மாமா என்ன சம்பளம்னு கேட்டதுக்கு நான் என்ன சொன்னேன்?"

அவர் யோசித்தார். "அவரு சம்பளத்த முதல்ல சொல்லச் சொன்ன."

"அப்போ எனக்குத் தைராய்டு இருந்துச்சா?"

அவர் இறங்குகிற வரைக்கும் முன் சீட்டின் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி, பழைய வெள்ளை அட்டையை விளக்கடியில் பிடித்து, பொடி எழுத்தைக் கடைசி வரைக்கும் படித்தார். படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவள் பார்த்தாள். உட்காரட்டும் என்றுதான் இருந்தது.

குணமாவது என்பது அவளுக்கு இந்த முறை வேறு மாதிரி வேலை. போன தடவை பஸ்ஸுக்காகக் குணமானாள். இப்போது அந்த அறைக்குள் திரும்பப் போவதற்காகக் குணமானாள். மாத்திரையைக் கண்ணும் கருத்துமாகப் போட்டாள். விளிம்பு வரைக்கும் டீ ஊற்றிய கிளாஸைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து பார்த்தாள். முதலில் தரையெல்லாம் டீ. அப்புறம் சாஸரில் மட்டும். அப்புறம் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. உடம்பு ஆற ஆற, கோபம் மட்டும் ஆறாமல் இருந்தது. அவள் அதற்காக ஒரு முயற்சியும் செய்யவில்லை, அது பாட்டுக்கு இருந்தது.

ரத்தப் பரிசோதனை சரியாக வந்த மறுநாள் காலை அவள் புடவை கட்டிக்கொண்டு நின்றாள். புருஷன், "மாத்..." என்று வாயெடுத்து, பாதியில் விழுங்கிக்கொண்டு, "நானும் வரேன்," என்றார்.

தலைமை டாக்டர் அடையாளம் கண்டுகொண்டு புன்னகைத்தார். பட்டாசு உட்காருவதற்கு முன்னால் கையை நீட்டினாள்.

"எண்ணுங்க டாக்டர்."

அவர் கொஞ்சம் தயங்கி எண்ணினார். "எழுபத்தாறு. ரொம்ப நல்லது! இப்போ அமைதியாயிட்டீங்க பாருங்க."

"அமைதியா? போன தடவைய விட இப்பத்தான் எனக்குக் கோபம் ஜாஸ்தி." குரலை அவள் உயர்த்தவேயில்லை. "குணமானா பேசலாம்னு சொன்னீங்க. குணமாயிட்டேன். உங்க மாத்திரைய முழுங்கிட்டு, கூட்டத்தோட ஒரு பஸ்ஸ ஓட்டினேன். முன் சீட்டுல பச்சக் குழந்தை இருந்துச்சு. கம்பம் ரெண்டா தெரிஞ்சப்ப நான் நிறுத்தலைன்னா நீங்க யார் நாடிய எண்ணியிருப்பீங்க?"

அவர் சிரிப்பு கழன்றது. அது ஒரு சின்னத் தகவல் பரிமாற்றக் குறை, நடந்தது வருத்தத்துக்குரியது என்று பூசி மெழுகினார். அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினார். "சார், நீங்களாவது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

புருஷன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "அவ சரியாத்தான் சொல்றா டாக்டர். எழுதிக் குடுங்க."

தலைமை டாக்டர் ஒரு தாளை இழுத்து விறுவிறுவென்று எழுதி நீட்டினார். இரண்டே வரி. பட்டாசு வாங்கிப் பார்த்தாள். அதில் முழு வார்த்தையாக இருந்தவை கொஞ்சம்தான். நோயாளி இரண்டு எழுத்து. வலிப்பு இல்லை என்பது மூன்று எழுத்து. மருந்து, அதே மூன்று எழுத்து. சி.பி.இசட்.

அவளுக்கு ஒரு நொடி சிரிப்பு வந்துவிட்டது. தாளை மேஜைமேல் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"முழுசா எழுதுங்க."

"டிப்போ டாக்டருக்கு இது புரியும்மா."

"போன தடவையும் எல்லாருக்கும் புரிஞ்சுதுதான். முழுசா எழுதுங்க. எனக்கு வலிப்பு இல்ல. எப்பவும் இருந்ததில்ல. கழுத்துக்குத் தர வேண்டிய மருந்துக்குப் பதிலா வலிப்பு மருந்தக் குடுத்தது இந்த ஆஸ்பத்திரி. தப்பு எங்களோடதுன்னு எழுதுங்க. ஒவ்வொரு எழுத்தா."

அவர் புதுத் தாள் எடுத்தார். கார்பிமசோல் என்று எழுதினார். கார்பமசெபின் என்று எழுதினார். தப்பு எங்களுடையது என்ற இடத்தில் பேனா நின்றது. அவள் நாற்காலியில் சாய்ந்து, சிக்னலில் நிற்கிற மாதிரிக் காத்திருந்தாள். பேனா நகர்ந்தது. அடியில் சரக்கென்று இரண்டு எழுத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"இது யாரு?"

"நான்தாம்மா."

"ரெண்டு எழுத்துதானே இருக்கு. ரெண்டெழுத்துல ஆயிரம் பேரு இருப்பாங்க. உங்க பேரையும் முழுசா போடுங்க."

அவர் தாளைத் திரும்ப வாங்கினார். முகம் சிவந்திருந்தது. எத்தனை வருடமாக முழுப் பெயரை எழுதாத கையோ, முதல் எழுத்திலேயே பேனா தடுமாறியது. பட்டாசு முன்னால் குனிந்து பார்த்தாள்.

"கை நடுங்குதே டாக்டர்," என்றாள். "மாத்திரை போட்டீங்களா?"